பிழைக்கு ஒரு ரூபாய்

வண்ணார்பேட்டையில் பேட்டரிக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
எனக்கு அங்கே தமிழைக் கெடுக்கிற வேலை.

மூட்டு வலித் தைலம் என்று
ஒழுங்காகத் தேடுகிறவர்களையெல்லாம்
பெரிய கம்பெனிகள் பணம் கட்டி வாங்கியாயிற்று.
"சரியா எழுதுதவன் அங்கன போயிருவாம்மா,
தப்பா எழுதுதவந்தான் நம்ம ஆளு"
என்றார் முதலாளி ஐகோர்ட்துரை.

வலி வளி வழி
மூட்டு முட்டு மூட்டூ
தைலம் தயிலம் தைளம்.
பெருக்கினால் இருபத்தேழு.
சரியான ஒன்றைக் கழித்துக்கொண்டு
இருபத்தாறு ரூபாய் எண்ணித் தந்தார்.

பாளையங்கோட்டைக் கல்லூரியில்
ழகரத்துக்காகவே
எவர்சில்வர் டம்ளர் வாங்கிய நாக்கு இது.

ராத்திரி யார் யார் வந்தார்கள் என்று
காலையில் திரையில் நிற்கும்.
மானூர், 2.10, முலங்கால் வளி.
திசையன்விளை, 3.05, இடுப்பு வழி தயிலம்.
களக்காடு, 3.40,
அம்மா எந்திச்சு நடக்க வழி.

இது என் பட்டியலில் இல்லை.
பிழையா,
இல்லை அவர் கேட்டதே அதுதானா?
டீயில் ஆடை படிகிறவரை
அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
முதலாளி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
"நல்லாருக்கே, சேத்துரு."

போன வாரம் எனக்கே மணிக்கட்டில் நோவு.
தச்சநல்லூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி
ஒற்றை விரலால் தட்டினேன்.
முதலாவதாக வந்து நின்றது எங்கள் தைலம்.
என்ன எழுத்துப் போட்டேன் என்று
திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் கணக்கில்
தச்சநல்லூர், 7.20 என்று ஒரு வரி.
அதற்கு நான் ரூபாய் கேட்கவில்லை.