விஸ்மாவின் கதவுக்கு

லேசருக்குச் சாய்வு தெரியாது.
தூக்குக்குண்டு நூல் மாதிரி
நெட்டுக்குத்தாக இறங்கும், அவ்வளவுதான்.

லியெபாயாவில் ஜனவரி. கப்பல் பட்டறைக்குப் பின்னால்
என் வாடகைக் கொட்டகை.
ஹீட்டர் முழங்காலை மட்டும் சூடாக்கும்.
நான்காம் மாடிக் கதவுக்குப் பெயர்ப்பலகை கேட்டாள் விஸ்மா.
முப்பது வயதுவரை பார்த்தவள்,
புள்ளி எழுத்தோடு இன்னும் சண்டை.
புடைத்த எழுத்து போதும் என்றாள்.

முதல் பலகையைத் தடவினாள்.
"இது எழுத்தா, ரம்பமா?"
விரல் நுனியில் ஒரு சிலாம்பு.
அதைச் சப்பிக்கொண்டே சொன்னாள்,
விளிம்பைச் சரித்துக் கொடு.

அடியில் ஆப்பு வைத்துப் பலகையைச் சாய்த்தேன்.
மேல் ஓரம் அழகு.
கீழ் ஓரம் குவியம் தப்பி
கருகிய சர்க்கரையாய் நாறியது.

பிறகுதான் ஏமாற்றக் கற்றேன்.
கறுப்பென்றால் ஆழம் என்று நம்புகிறது இயந்திரம்.
வெள்ளையைத் தொடாது.
எழுத்தைச் சுற்றி மூன்று மில்லிமீட்டருக்குச்
சாம்பல் நிறம் பூசி
மெல்ல மெல்ல வெளுக்க விட்டேன்.
ஐம்பது நிமிடம், போவதும் வருவதுமாக,
காற்றுக்குழாய் புகையைத் தள்ளத் தள்ள
லிண்டன் மரத்தில்
ஒவ்வொரு கோடும் ஒரு மயிரிழை மேலே.
படிக்கட்டுதான்.
படி தட்டாத படிக்கட்டு.

அவள் விரல் அதில் நிற்கவே இல்லை.
ஏறியது, இறங்கியது, வழுக்கிக்கொண்டு
பலகைக்கு வெளியே போய்விட்டது.
"என் பெயர் எங்கே முடிகிறது?"

கிராஸ்தா. எங்கள் மொழியில் கரை என்று பொருள்.
இந்த ஊர்க் கரையோ வெறும் மணல்.
நூறு அடி உள்ளே நடந்தாலும் முழங்கால் தண்ணீர்,
கடல் எங்கே தொடங்கிற்று என்று
குளிக்கிறவனுக்கே நிச்சயமில்லை.

மூன்றை ஒன்றாக்கினேன்.
உச்சியில் மட்டும் துளி நெட்டுக்குத்து வைத்தேன்,
குட்டியைக் கவ்வும் பூனையின் பல் அளவு.

அது ஏழாவது பலகை.
நடுவில் போனவற்றை ஹீட்டரிடம் கேளுங்கள்.

வெள்ளி மாலை லிஃப்ட் ஓடவில்லை.
திருகுகளைப் பையில் குலுக்கிக்கொண்டு ஏறினேன்.
கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு
அவள் வாசித்தாள், வி-யிலிருந்து.
கடைசி எழுத்தில் விரல் நின்றது.
எடுத்து முகர்ந்தாள்.
"இன்னும் புகை மணக்கிறது."

சாவி அவள் பையில்தான்.
கதவைத் திறக்கவில்லை,
மறுபடி முதலிலிருந்து தடவத் தொடங்கினாள்.
நான் படியில்,
குளிரில்,
கையில் திருப்புளியோடு.