எழுபத்திரண்டு டிகிரி

செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு
ஒதிலியா பாரியாவின் முழங்கால்
என் மேசைக்கு வரும்.
முகம் வருவதில்லை.
அப்பியாவோ தீவில், மாவு டப்பாவில் சாய்த்த டேப்லெட்
அதற்கு மேல் நிமிராது.
ஒரு கால், விறகடுப்பின் மூலை,
சில நாள் ஒரு கோழி.

நான் இருப்பது புவேர்த்தோ மொந்த்தில்,
மருத்துவமனையின் சன்னல் இல்லாத அறையில்.
நடுவே கடல்.
படகு உண்டு, காற்று சம்மதித்தால்.

கைதான் எனக்குப் படிப்பு.
வீக்கம் விரலுக்குத் தெரியும்.
சில்லு நகர்கிறதா என்பது கட்டைவிரலுக்கு.
இப்போது இரண்டும் மேசைமேல் சும்மா கிடக்க
வாயால் தொடுகிறேன்:
"புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு எப்படி?"
"அடுப்பிலிருந்து எடுத்து வைத்து
பேச்சில் மறந்துபோன ரொட்டி மாதிரி."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
மிதமான வெப்பம் என்று எழுதினேன்.

"குதிகாலை இழுங்கள். இன்னும். இன்னும் கொஞ்சம்."
"இது உன் கால் இல்லையே, மகளே."
அதுவும் உண்மைதான்.

எழுபத்திரண்டு டிகிரி.
மறுவாரமும் எழுபத்திரண்டு.
நாற்காலியிலிருந்து ஒழுங்காக எழவே தொண்ணூறு வேண்டும்.
படகில் ஏற அதற்கும் மேலே.

பிறகு திடீரென்று,
காலில் கட்டும் பட்டை அனுப்பிய கணக்கில்
நூற்றுப் பதினெட்டு.
தினம் அறுபது முறை. விடிகாலை ஐந்துக்கு.
டாக்டர் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து
"இரும்பு மனுஷி" என்றார்.
நான் இருபது வருடமாக முழங்கால் பார்க்கிறவள்.
எலும்பை அறுத்து உலோகம் வைத்த நாலாம் வாரத்தில்
எந்த முழங்காலும் ஒரே இரவில்
இப்படி மனம் மாறாது.

வெள்ளிக்கிழமை கேட்டேன்:
"பட்டை கட்டிய காலைக் காட்டுங்கள்."
ஏதோ உருண்டது. கோழி ஓடியது.
வந்து நின்றது
ரோமம் அடர்ந்த, தழும்பே இல்லாத
வேறொரு முழங்கால்.

கணவர், அவெலினோ.
"ராத்திரியெல்லாம் அழுகிறாள், அம்மணி.
கணக்கு குறைந்தால் அங்கே யாரோ
திட்டுவார்கள் என்று பயம்.
அதனால் நான்..."

அவருக்கு எழுபத்தாறு வயது. சிப்பிக் கயிறு இழுத்த முதுகு.
பதினோரு நாள், தினம் அறுபது முறை,
சமையலறைத் தரையில், இருட்டில்,
மனைவி விழித்துவிடாதபடி மூச்சை அடக்கி
மனைவியின் முழங்காலை மடக்கியிருக்கிறார்.

கண்டிக்கத்தான் வாய் திறந்தேன்.
"உங்கள் மடக்கு ரொம்ப நன்றாக இருக்கிறது"
என்று வந்துவிட்டது.
முகம் தெரியாத இருவர் அந்தப் பக்கம் சிரித்தார்கள்.
ஒதிலியாவின் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்,
கொஞ்சம் கரகரப்பு.

வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முக்கால் மணி முன்னால் நகர்த்தினோம்.
அறுபதை ஆறு பத்தாக உடைத்தோம்.
பட்டை உரிய காலுக்குத் திரும்பியது.
எழுபத்து நாலு. எழுபத்தொன்பது.
மழை விடாத வாரம் எழுபத்தாறு.
திரையில் இப்போது நான்கு கால்கள்.
அவெலினோ நிறுத்தவில்லை.
"பழகிவிட்டது" என்கிறார்.

நேற்று தொண்ணூற்றிரண்டு.
கையூன்றாமல் எழுந்தார் ஒதிலியா.
எழுந்ததும் என் திரையை விட்டுப் போய்விட்டார்.
காலி நாற்காலி. அடுப்பின் மூலை.
மரத்தரையில் நடை மட்டும் கேட்டது,
ஒரு கனம், ஒரு இலேசு, ஊன்றுகோலின் தட்டு.
கதவு திறந்தது. கடல் இரைந்தது.

"எங்கே போகிறீர்கள்? படி ஈரமாக இருக்கும்!"

பதில் இல்லை.
கோழி வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து
கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது.
பத்தரைக்கு இன்னொரு முழங்கால் காத்திருந்தது.
நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை.