இடது இருக்கை

சாலையின் வலப்பக்கம் ஓட்டும் ஊர் எங்களுடையது.
கப்பலேறி வந்த எங்கள் காருக்கோ
ஸ்டியரிங்கும் வலப்பக்கம்.
ஜப்பானில் யாரோ பன்னிரண்டு வருஷம்
கீறல் விழாமல் வைத்திருந்ததைத்
துறைமுகத்தில் பேரம் பேசி ஓட்டிவந்து
திபிலிசியில் நாலே நாளில்
நாலு கதவிலும் கீறல் வாங்கினார் குராம்.

முன்னால் ஒரு லாரி போனால்
எதிரே வருவது அவருக்குத் தெரியாது.
இடது இருக்கையில் இருக்கும் எனக்குத்தான் தெரியும்.
கல்யாணமாகி இருபத்தாறாம் வருஷத்தில்
இப்படித்தான் என் பேச்சைக் கேட்கத் தொடங்கினார்.
'போகலாமா, லாம்சிரா?'
'இரு.'
'இப்போ?'
'இரு.'
'இப்போ?'
'போ போ போ!'
வீடு வாங்கியபோதுகூட
என்னை மூன்று முறை கேட்டதில்லை.

மாவீரர் சதுக்கம், சதுக்கம் என்பது பெயருக்குத்தான்.
எல்லாச் சாலையும் வந்து கொட்டும் அண்டா.
சுற்றுகிறவனுக்கே முதல் வழி என்கிறது ஒரு பலகை.
நுழைகிறவனுக்கே என்கிறது அடுத்த பலகை.
இரண்டையும் படித்தவர்கள் நிற்கிறோம்.
படிக்காதவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.
வீட்டுக்குத்தான் சொல்கிறேன்.

குன்றின் மேல் தேவாலயம் தெரிந்ததும்
மினிபஸ் டிரைவர் மூன்று முறை சிலுவை போடுகிறார்.
மற்றக் கையில் போன்.
பின்னால் வருகிறவனும் போடுகிறான்,
அவனுக்குப் பின்னால் வருகிறவனும்.
அந்த இருபது அடி தூரம்
மொத்த ஊரையும் ஓட்டுவது கடவுள்.
அவராவது இண்டிகேட்டர் போட்டால் தேவலை.

காருக்குள் ஒரு ஜப்பானியப் பெண் குடியிருக்கிறாள்.
கிளப்பும்போதெல்லாம் ஏதோ சொல்வாள்,
அவ்வளவு மரியாதையாக.
'உங்களுக்கும் வணக்கம்' என்பார் குராம்.
என்னிடம் சொன்னதில்லை அப்படி.
மாடிவீட்டு எக்வீனே ஜப்பானிய மொழி படிக்கிறாள்;
ஒருநாள் கேட்டுவிட்டுச் சிரித்தாள்:
'சுங்கச்சாவடி அட்டையைச் செருகவில்லையாம்.'
குராம் வணக்கத்தை நிறுத்தவில்லை.

போன மாதம் பெக்கின் தெருவில்
இரவோடிரவாக ஒரு கோடு போட்டார்கள்.
நேற்றுவரை எங்கள் பாதை, இன்று பஸ்ஸின் பாதை.
அபராதம் போனுக்கு வந்தது
நாங்கள் வீடு வருவதற்கு முன்.
எங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குக் கண்ணாடிச் சுவர்.
உள்ளே நடப்பதெல்லாம் தெரியும், புரியாது.
'பலகை இருக்கிறதே' என்றான் மீசை அரும்பாத போலீஸ்காரன்.
'எங்கே?'
'மல்பெரி மரத்துக்குப் பின்னால்.'
எங்கள் நாணயத்துக்குப் பெயரும் லாரிதான்.
லாரியை முந்தப் போய்
லாரி லாரியாகக் கட்டினோம்.

'நீ திரும்பச் சொன்னாய், திரும்பினேன்' என்றார் வெளியே வந்து.
நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, கோரிக்குப் போகும் பழைய சாலை.
முன்னால் தர்பூசணி லாரி
ஒவ்வொரு பழத்தையும் தாலாட்டிக்கொண்டு போகிறது.
'போகலாமா?'
நான் சூரியகாந்தி விதை உரித்தேன்.
'போகலாமா என்றேன்.'
வளைவுவரை வெறும் சாலை. சொல்லவில்லை.
உமியைக் கைக்குட்டையில் மடித்தேன்.
பின்னால் பதினோரு கார்கள், பதினோரு ஹாரன்கள்,
ஒருவன் என் மாமியாரையும் இழுத்தான்;
அதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை.

பழக் குவியல்மேல் ஒரு பையன்.
கையை ஆட்டினான்: வா, வா.
குராம் அவனை நம்பி வெளியே எடுத்தார்.
அவன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

வளைவில் சிமெண்ட் டேங்கரின் முகம்.
'இரு!' என்று நான் கத்தியதில்
கார் நின்றது, லாரி நழுவிப் போனது,
டேங்கர் எங்கள் கண்ணாடியை
எடுத்துக்கொண்டு போனது, என் பக்கத்துக் கண்ணாடியை.

யாரும் பேசவில்லை.
என் மடியெல்லாம் உமி.
நடுங்கும் கையால் மறுபடி கிளப்பினார்.
அட்டையைச் செருகவில்லை என்றாள் அவள், அதே மரியாதையுடன்.
'உங்களுக்கும்' என்றார் குராம்,
குரல் பாதியில் உடைந்தது.

கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதே லாரி.
'இப்போ?' என்றார், என்னைப் பார்க்காமல்.

கண்ணாடி போன ஜன்னலை இறக்கி
தலையை வெளியே நீட்டினேன்.
'இரு.'