ஒன்றுக்கு இருநூறு

இன்னும் கட்டாத கட்டடத்தில்
ஒரு விளக்கு எரியவில்லை என்று
ஷார்ஜாவிலிருந்து என்னை வரவழைத்தார்கள்.
வியாழன் மதியம். அல் நஹ்தாவில் வண்டி நகரவில்லை.
மடியில் கருவிப் பை, சாலிடரிங் கோல்,
அரிசியை விடச் சின்னதாய் இருபது உதிரி விளக்குகள்.

அறுபத்திரண்டு மாடி. என் மார்பு உயரம்.
நானும் பிச்சைக்கனியும் ஒன்பது வாரம் வெட்டி ஒட்டியது.
பெருஞ்சாலை மொத்தமும் ஒரே மேசை.
செப்புக் கம்பி முறுக்கிய பேரீச்சைகள்,
நீச்சல் குளத்துக்கு ஊற்றிய நீலப் பிசின்,
ஒன்பது மில்லிமீட்டர் மனிதர்கள்,
அவர்களில் ஒருவருக்கு நாய்கூட உண்டு.
நிஜ இடத்தில் இப்போதைக்கு வேலியும் ஒரு பள்ளமும்
இரவு பகலாய் ஊற்றுநீர் இறைக்கும் மோட்டாரும்.
மோட்டாரை மாதிரியில் வைப்பதில்லை.

மூவாயிரத்து நூற்று நான்கு மட்டும் இருட்டு.
"விளக்கெரியாத வீட்டை எவன் வாங்குவான்?" என்றான்
ரபீ, விற்பனைக்காரன், லெபனான்காரன்.
மற்றதெல்லாம் பாதி விற்றுவிட்டதாம்.

சாலைக்குக் கீழே மல்லாந்து நுழைந்தேன்.
கொத்துக் கொத்தாய் வயர்.
என் கையெழுத்தில் எண் எழுதிய துண்டுத் தாள்கள்.
பிச்சைக்கனி சிந்திய தேநீர்க் கறை.
போனை வாயில் கவ்வி வெளிச்சம் பிடித்தேன்.

இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன.
பாலிஷ் போட்ட ஷூ. பக்கத்தில்
பட்டை அறுந்து சேஃப்டி பின் குத்திய செருப்பு.
ரபீ அவர்களுக்கு ஆங்கிலத்தில் சூரியோதயம் காட்டினான்.
(அந்தப் பக்கம் மேற்கு. வடக்கு அம்புக்குறியை ஒட்டியவன் நான்.)
பிறகு காபி எடுத்துவரப் போனான்.
தமிழ் தொடங்கியது.

"முதல் தவணைக்கு என் நகை. சரி. அதுக்கப்புறம்?"
"அதுக்கப்புறம் சம்பளம்தான்."
"ஆள் குறைக்கிறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."
"மெதுவாப் பேசு."
"இங்க யாருக்குத் தமிழ் தெரியப்போகுது."

மூச்சைச் சின்னதாக்கினேன்.
எச்சில் ஊறிக் கழுத்தில் இறங்கியது.

"பிடிக்கலன்னா விட்ரு, கோதை."
"பிடிக்கலன்னு யார் சொன்னா?
பதினோரு வருஷத்துல எட்டு வீடு.
ஆணி அடிக்க ஒரு செவுரு வேணும், அவ்ளோதான்.
அந்தா, இருட்டா இருக்கே, அது மட்டும் வேணாம்.
வேற எதுன்னு பாருங்க."
"வேற எதுவும் நம்ம விலைக்கு இல்ல."

பேச்சு நின்றுபோனது.
ஷூ கதவுப் பக்கம் திரும்பி, மறுபடி மேசைப் பக்கம் திரும்பியது.
அறுந்த வயரின் இரண்டு முனையும் என் விரல்களில் இருந்தன.
தெரியாமல்தான் தொட்டுக்கொண்டன.
தெரியாமல் என்றே இன்றுவரை
சொல்லிக்கொள்கிறேன்.

"ஐயோ, இங்க பாருங்க. எரியுது!
நாம நின்னதும் எரியுது!"
சேஃப்டி பின் செருப்பு நுனிக்காலில் எழும்பியது.

விரலைப் பிரித்தால் அணையும்.
சகுனம் சரியில்லை என்று
ஒன்பதாவது வாடகைக்குப் போவார்கள், நகையோடு.
பிரிக்காவிட்டால் கையெழுத்து.
அப்புறம் அவர் வேலை, மூன்று வருஷம், அந்தப் பள்ளம், அந்த மோட்டார்.
இதில் முடிவு சொல்ல நான் யார்?
ஆறு கட்டில் போட்ட அறையில் கிடப்பவன்.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாதென்று
எங்கள் கதவிலும் அறிவிப்பு உண்டு, மூன்று மொழியில்.

பீங்கான் கோப்பைகள் உரசும் சத்தம் நெருங்கியது.
மேசையை மேலிருந்து தட்டினான் ரபீ:
"ஹோ கயா, பாய்?"

செருப்பு ஓரடி பின்வாங்கியது.
ஷூ அசையவில்லை.

வாயில் போன்.
பதில் சொல்லாததற்கு
அது ஒரு நல்ல காரணமாக இருந்தது.