நான்காம் கட்டளை

கர்ட் இதைச் செய்தது ஒரு பிப்ரவரியில்.
டுலூத்தில் ஏரி உறைந்து
இரும்புக் கப்பல்கள் கரையோடு கட்டிக் கிடக்கும் மாதம்.
சாப்பாட்டு மேசையில் ஆறு ரிமோட்டுகள்.
டிவிக்கு, ஆம்ப்ளிஃபயருக்கு,
டிஸ்க் பிளேயருக்கு, கேபிள் பெட்டிக்கு;
மீதி இரண்டு எதற்கென்று அவனுக்கே தெரியாது.
நடுவில், சம்பந்தி வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை மாதிரி
விறைப்பாக ஏழாவது.

மூக்கோடு மூக்கு வைத்து
பழையதில் ஒரு பொத்தானை அமுக்குவான்.
புதியது ஒருமுறை கண் சிமிட்டினால்
கற்றுக்கொண்டது என்று அர்த்தம்.
சிமிட்டாவிட்டால் திரும்பவும்.
இரண்டு நாள், நாற்பத்தேழு பொத்தான்கள்.
எங்கள் கல்யாண வாழ்க்கையில்
எதையும் அவன் இரண்டாம் தடவை கேட்டதாக
எனக்கு ஞாபகமில்லை.

பிறகு எல்லாவற்றையும் ஒரே பொத்தானுக்குள் திணித்தான்.
‘படம் பார்’ என்று பெயர் வைத்தான்.
அமுக்கினால் டிவி எழும்.
பெட்டி எழும்.
டிவி தன் இரண்டாம் வாசலுக்குத் திரும்பும்.
நான்காவதாக ஆம்ப்ளிஃபயர்.
அது கிழம், முக்கி முனகித்தான் எழும் என்று
அதற்கு மட்டும் நான்கு விநாடி
காத்திருக்கச் சொல்லிக் கொடுத்தான்.

இது சொல்லும் மார்லிஸ், கேட்காது என்றான்.
கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை வீசிவிட்டு
நடந்திருக்கும் என்று நம்பிக்கொள்ளும்.
நான் சிரித்தேன்.
ஏனென்று அவன் கேட்கவில்லை.

ஒருநாள் கஸ் குறுக்கே போனது.
எழுபது பவுண்டு நாய்.
டிவிக்குப் போன வெளிச்சம் அதன் விலாவில் பட்டு நின்றுவிட்டது.
அன்று இரவு முழுக்கத் தலைகீழ்.
அணை என்றால் டிவி விழிக்கும், மற்றவை தூங்கும்.
உதவிப் பொத்தானை அமுக்கினால்
ரிமோட்டின் சின்னத் திரையில் கேள்வி வரும்:
டிவி எரிகிறதா? ஆம், இல்லை.
ஆம்ப்ளிஃபயர் எரிகிறதா? ஆம், இல்லை.
அந்த வீட்டில் என்னிடம் கேட்கப்பட்டதிலேயே
நேரான கேள்விகள் அவைதாம்.

மார்ச் கடைசியில்
முதல் கப்பல் ஊதிக்கொண்டே தூக்குப் பாலத்தடியில் நுழைந்த வாரம்
கர்ட் அரிசோனாவுக்குப் போனான்.
குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். முழங்கால் என்றான்.
லவோன் என்று சொல்லவில்லை,
அதை டெலிபோன் பில் சொன்னது.
ஆம்ப்ளிஃபயரும் அதன் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும்
அவனோடு வண்டியேறின.
சீட் பெல்ட் போட்டிருந்தான் அவற்றுக்கு.

ரிமோட் இங்கேயே இருக்கிறது.
‘படம் பார்’ அமுக்குகிறேன்.
டிவி. பெட்டி. வாசல்.
நான்காம் கட்டளை
அலமாரியில் தூசு படியாத செவ்வகத்துக்குப் போகிறது.
போய், நான்கு விநாடி
மரியாதையாகக் காத்திருக்கிறது.

கம்ப்யூட்டரில் செருகி அந்த ஒரு வரியை அழித்துவிடு,
ஒரு நிமிஷ வேலை என்றான்
பஸ் டிப்போவில் ஹார்லன்.
முப்பது வருஷமாக ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன்,
ரயில் வராத தண்டவாளத்திலும்
நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துவிட்டுத்தான்
கடக்கிறோம் இருவரும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
கேபிளைத் தேடுகிறேன் என்றேன்.

தேடவில்லை.
அந்தச் செவ்வகத்திலும் இப்போது தூசு படிந்துவிட்டது,
சுற்றிலும் உள்ளதற்கும் அதற்கும்
வித்தியாசம் கண்டுபிடிக்க விளக்கு வேண்டும்.

நேற்று கஸ் மறுபடி குறுக்கே போனது.
வயதாகிவிட்டது அதற்கு, நடுவழியிலேயே உட்கார்ந்தும்விட்டது.
உதவிப் பொத்தானை அமுக்கினேன்.
டிவி எரிகிறதா? இல்லை.
எரிந்தது.
ஆம்ப்ளிஃபயர் எரிகிறதா?
இத்தனை நாள் ஆம், ஆம் என்று கடந்துகொண்டிருந்தவள்
இல்லை என்று அமுக்கினேன்.
அது வெற்றிடத்தைப் பார்த்து இன்னொருமுறை வீசியது.
நான்கு விநாடி.
சரியாகிவிட்டதா?

கட்டைவிரல் இரண்டு பொத்தான்களுக்கும் நடுவில் நின்றது.
ஆம்.

டிவியின் சொந்தத் தொண்டையில்,
கொஞ்சம் சளி பிடித்த குரல்தான்,
பாதியிலிருந்து பார்த்தோம் படத்தை
நானும் கஸ்ஸும்.
கொலை செய்தது யாரென்று
இரண்டு பேருக்குமே புரியவில்லை.