பதினொரு மணித் தண்ணீர்

மன்னார்குடியிலிருந்து வரும் ஒற்றைப் பேருந்து
பத்தே முக்காலுக்கு மதகடியில் இறக்கிவிடும்.
அதனால் நான்கு ஆண்டுகளாக
கோணமடை ஏரியில் எப்போதும் மணி பதினொன்று.

ஆனியில் மேட்டூர் திறந்ததாகச் செய்தி வரும்.
கடைமடைக்கு வர அதன்பின் எத்தனையோ நாள்.
வரும்போதும் முதலில் தண்ணீர் வருவதில்லை.
வாய்க்காலில் ஓராண்டு கிடந்த ஒற்றைச் செருப்பு,
குவார்ட்டர் பாட்டில், மாலை கழன்ற வாழைநார்,
எல்லாவற்றையும் முன்னே தள்ளிக்கொண்டு
ஒரு பழுப்பு நுரை.
கயிற்றில் இறக்கிய வெள்ளைத் தட்டு
ஒரு சாணுக்குள் காணாமல் போகும்.
உத்திராபதி துடுப்பை நிறுத்துவார்:
"வாய் கொப்பளிக்குது. எழுதிக்கிங்க."

சம்பாவுக்கு மேலுரம் இட்ட மறுவாரம்
யூரியா வடிகால் வழியே நடந்து வந்து
ஏரியில் பச்சையாய் எழுந்து நிற்கும்.
கார்த்திகை மழை அதைக் கலைக்கும்,
உப்பை இறக்கும், என் பேனா மையையும்.

மார்கழியில் ஊசிவால் வாத்துகள்.
பாஸ்பேட் கணக்கைப் பார்த்த நூருல் அமீன் சார்
"இந்த வருஷம் பறவை அதிகமோ?" என்றார்.
நான் எண்ணவில்லை.
தண்ணீர் எண்ணியிருந்தது.

பங்குனியில் ஒருநாள்
திரும்பும் பேருந்து அச்சு முறிந்து வடுவூரில் நின்றது.
உத்திராபதி வீட்டில் நெத்திலிக் குழம்பு,
கொசு, பாதித் தூக்கம்.
நாலு மணிக்கு அவர் வலை தூக்கக் கிளம்பினார்.
மீட்டரில் சார்ஜ் இருந்தது. நானும் ஏறினேன்.

காற்றே இல்லை.
இருட்டில் ஏரி முழுக்க ஒரு சத்தம்,
ஆயிரம் பேர் சூடாக எதையோ உறிஞ்சுவதுபோல.
டார்ச்சை அடித்தேன்.
கெண்டைகள்.
மேற்பரப்பில் வாயை ஒட்டிவைத்து
திறந்து, மூடி, திறந்து.
விரால் மட்டும் ஒருமுறை மேலே வந்து
காற்றை விழுங்கிவிட்டு
தன் வேலையைப் பார்க்கப் போனது.

கரைந்த ஆக்சிஜன்: ஒன்று புள்ளி ஒன்று.
மீட்டரைத் தட்டினேன்.
மறுபடியும் ஒன்று புள்ளி ஒன்று.

"வெயில் காலத்துல தினமும் இப்படித்தான்.
விடிஞ்சா சரியாயிடும்.
நீங்கதான் விடிஞ்ச பெறகு வர்றீங்க."
ஏன் சொல்லவில்லை என்றேன்.
"மிஷினுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

பதினொரு மணிக்கு ஒன்பது புள்ளி நான்கு.
பாசி, பகலெல்லாம் வாரி வழங்கி
இரவில் வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும்
அதே பச்சைப் பாசி
வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது.

பதிவேட்டைப் புரட்டினேன்.
நன்று, நன்று, நன்று:
நாற்பத்தாறு இடத்தில் என் கையெழுத்து.
தேதிக்குக் கட்டம் உண்டு. வெப்பத்துக்கு உண்டு.
நேரத்துக்கு இல்லை.

அளவுகோல் வைத்து ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
மேலே "மணி" என்று எழுதி
முதல் பக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டே வந்தேன்
11, 11, 11,
ஏரி வெடித்துக் கிடந்து
"மாதிரி எடுக்க இயலவில்லை" என்றெழுதிய
அந்தச் சித்திரைப் பக்கத்திலும்.