நாலு மணி ஷட்டர்

சங்கராபரணி, சுத்துக்கேணி அணை.
ரப்பர் தேய்ந்த மூன்றாம் ஷட்டரின் கசிவை நோக்கி
நீர் மெல்ல இழுக்கிற இடத்தில்
பேர் தெரியாத ஒரு தண்டு.
நுனியில் ஊசித்தட்டான்.

முகம் கனகாம்பரம்.
முதுகில் நாற்றின் பச்சை.
வால், தீக்குச்சித் தடிமன்கூட இல்லை,
முனையில் மட்டும்
கலக்காமல் விழுந்த சொட்டு நீலம்.
இறக்கையை முதுகின்மேல் சேர்த்து வைத்திருக்கும்.
கைகூப்பினாற்போல என்று சொல்லமாட்டேன்.
அதற்குக் கும்பிட நேரமில்லை.
தேங்கின பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததுமில்லை.

"லஸ்கர், நாலுக்குத் திறந்துடுங்க"
போனில் ஓவர்சீயர் வேதகிரி.

மூணு ஐம்பதுக்கு ஜோடியாக வந்தன.
அவன் கழுத்தைப் பிடித்திருக்க
அவள் தண்டோடு பின்னால் இறங்கினாள்
வால், இறக்கை,
தலை முழுகும்போது அவன் விட்டுவிட்டான்.
உடம்பைச் சுற்றி ஒட்டின காற்று
வெள்ளித்தாளாய் மின்ன
தண்டைக் கீறிக் கீறி முட்டை வைத்தாள்.

திறந்தால் நீர் ஒரு சாண் இறங்கும்.
சக்கரத்தில் கையை வைத்தபடி நின்றேன்.
போன் அடித்தது. அடிக்கட்டும்.

நாலு பன்னிரண்டுக்குத்
தக்கைபோல் மேலே வந்தாள்.
இறக்கை உலர்த்தக்கூட நிற்கவில்லை.

திறந்தேன்.
பதிவேட்டில் நாலு மணி என்று எழுதினேன்.

தண்டு வெளியே வந்து நின்றது,
கீறல் கீறலாய்.
வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கி
அதை வளைத்துத் தண்ணீருக்குள் அமுக்கி
மேலே ஒரு செங்கல் வைத்தேன்.

பாதிச் செங்கல்தான் கிடைத்தது.
நகராது என்று நினைக்கிறேன்.